டாக்கோ நாளில் ஒரு போத்தல் சட்னி

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஒரு பாலர் பாடசாலைக் குசினியில் சமைக்கிற புஷ்பராணியைப் பற்றி ஒன்று சொல்வார்கள்: பைக்கற்றின் பின்பக்கத்தை வாசிக்காமல் எதையும் சட்டியில் போட மாட்டாள். காரணம் வில்லாஸ். நாலு வயது, வெள்ளைத் தலைமயிர், சரியான வாயாடி. அவனுக்கு எள்ளு ஆகாது. ஆகாது என்றால் சும்மா சொறியோடு போகிற ஆகாது இல்லை. தொண்டை அடைத்து மூச்சே நின்றுவிடும். அந்த நேரம் உடனே போட அவனுக்கென்று மருந்து ஊசி ஒன்று சிவப்புப் பைக்குள் சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்கியது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் புஷ்பராணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பார்த்தாலே பயம்.

அப்படிப்பட்டவள் எப்படித்தான் அதைச் செய்தாளோ!

எல்லாம் சாருஜன் மூட்டிவிட்ட ஆசை. டென்மார்க்கில் பிறந்த பொடியன், அங்கே பிள்ளைகளைப் பார்க்கிற ஆசிரியன். மார்ச் மாதக் கடைசியில் மெக்சிக்கோவில் டாக்கோ நாளாம், சோள ரொட்டிக்குள் இறைச்சி வைத்து மடித்துச் சாப்பிடுவார்களாம், நாங்களும் கொண்டாடுவோம் என்று கடதாசிக் கொடி வெட்டி ஒட்டினான். அதற்கு முதல் நாள் பிள்ளைகளை வட்டமாக இருத்தி வைத்துக் கதையும் சொன்னான். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, அரைத்து, ரொட்டியாகத் தட்டிச் சுட்ட பழைய சனங்களின் கதை. கப்பலில் வந்த ஸ்பானியர் மாட்டையும் பன்றியையும் கொண்டுவந்து இறக்கிய கதை. அதற்கும் பிறகு லெபனானிலிருந்து பிழைக்கப் போனவர்கள், தங்கள் ஊரில் இறைச்சியைக் கம்பியில் குத்திச் சுடுகிற மாதிரி அங்கேயும் சுட, அதுவும் டாக்கோவுக்குள் போய்ச் சேர்ந்த கதை. கதவடியில் நின்று கேட்ட புஷ்பராணிக்கு அந்த லெபனான்காரரை நன்றாகப் பிடித்துப்போனது.

"பாத்தீங்களே அன்ரி," என்றான் சாருஜன், "வந்த சனம் எல்லாம் தங்கட கைப்பக்குவத்தையும் போட்டுத்தான் டாக்கோ இப்பிடி வந்தது. நீங்களும் உங்கட ஏதாவது செய்துகொண்டு வாங்கோவன்."

"வெளிச் சாப்பாடு குசினிக்குள்ள வரக்கூடாதெல்லே?"

"ஒரு நாளைக்குத்தானே. ஆர் பாக்கப் போகினம்?"

இத்தனை வருடம் உப்புச்சப்பில்லாமல் சமைத்த மனுசிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று பின்னேரமே தக்காளியும் வெங்காயமும் வதக்கி, பிள்ளைகளுக்காக உறைப்பைக் குறைத்து, ஒரு போத்தல் நிறையச் சட்னி செய்தாள்.

அடுத்த நாள் டாக்கோவுக்கு வந்த ஒவ்வொரு பைக்கற்றையும் கண்ணாடி போட்டு வாசித்தாள். சோள ரொட்டி, மசாலாத் தூள், சீஸ், எதிலும் எள்ளு இல்லை. சட்னிப் போத்தலில் என்ன எழுதியிருக்கும்? அது அவளே கழுவி நிரப்பிய பழைய ஊறுகாய்ப் போத்தல். வாசிக்க ஒன்றும் இல்லை, அதனால் யோசிக்கவும் இல்லை. கிண்ணங்களில் ஊற்றி அனுப்பிவிட்டாள்.

வெறும் போத்தலைக் கழுவுவதற்குச் சுடுதண்ணீரைத் திறந்தபோதுதான் ஆவியோடு அந்த மணம் எழும்பியது. நல்லெண்ணெய்!

வீட்டில் சட்னி என்றால் அவள் கை நல்லெண்ணெய்ப் போத்தலுக்குத்தான் போகும். அன்றைக்கும் போயிருக்கிறது. எள்ளில் பிழிந்த எண்ணெய்.

 போத்தலை அப்படியே போட்டுவிட்டு ஈரக்கையோடு சாப்பாட்டு அறைக்கு ஓடினாள்.

அங்கே ஒரே கும்மாளம். வில்லாஸ் மூலை மேசையில் இருந்தான். தட்டில் பாதி டாக்கோ கிடந்தது. அவன் சொண்டைச் சுற்றிச் சிவப்பு. முருகா, அது சட்னியாக இருக்கட்டும், தடிப்பாக இருக்கக்கூடாது! தட்டைப் பறித்து எறிந்தாள். கடதாசித் துவாயால் அவன் வாயை அழுத்தித் துடைத்தாள். சிவப்பு போகவில்லை. பிள்ளை வீரிட்டு அழுதான், அழுகைக்கு நடுவே இருமினான்.

பொறுப்பாசிரியை கியர்ஸ்டன் எழும்பி ஓடிவந்தாள். "என்ன செய்கிறாய் புஷ்பா? பிள்ளையைப் பயப்படுத்துகிறாயே!" குனிந்து அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அழுததால் சிவந்திருக்கிறதா? சாப்பாட்டில் எள்ளு இல்லைத்தானே? நீ வாசித்தாய் அல்லவா?"

ஊசி போடுவதா, பொறுத்துப் பார்ப்பதா என்று கியர்ஸ்டன் தடுமாறினாள். சாருஜனும் வந்து நின்றான். புஷ்பராணியின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. அவன் முகமும் வெளிறியது.

"அன்ரி, அவசரப்பட்டுச் சொல்லிப்போடாதேங்கோ," என்றான், மெல்ல, தமிழில். "ரெண்டு பேற்ற வேலையும் போயிடும். சும்மா இருமுறான் போல கிடக்கு. கொஞ்சம் பாப்பம்."

மறைப்பானேன், அந்தப் பேச்சு அவளுக்கு இனித்தது. சும்மா இருமலாக இருக்கலாம். கொஞ்ச எண்ணெய்தானே. வேலை போனால் இந்த வயதில் ஆர் வேலை தருவான்? கியர்ஸ்டன் பதிலுக்குப் பார்த்துக்கொண்டிருக்க, புஷ்பராணி வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அப்போது வில்லாஸின் அழுகை நின்றது. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. மூச்சை இழுக்கத் தொண்டைக்குள் கீச்சென்றது.

"எள்ளு!" என்று கத்தினாள் புஷ்பராணி. பாழாய்ப்போன நாக்கு, அந்த நேரம் பார்த்துத் தமிழில்தான் புரண்டது. சுவருக்குப் பாய்ந்து சிவப்புப் பையைப் பிடுங்கிவந்து கியர்ஸ்டனின் கையில் திணித்தாள். அதற்குப் பிறகே டெனிஷ் வந்தது. "செசம்! நான் போட்டேன்! வீட்டிலிருந்து நான்தான் கொண்டுவந்தேன்!"

கியர்ஸ்டன் காற்சட்டைக்கு மேலாலேயே ஊசியைத் தொடையில் குத்தி அழுத்திப் பிடித்தாள். யாரோ அம்புலன்சுக்குப் போன் அடித்தார்கள். புஷ்பராணி நிலத்தில் குந்தியிருந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு விடு ராசா, மூச்சு விடு அப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்புலன்ஸ்காரர் அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் அந்தக் கீச்சு நிற்கவில்லை.

பிறகு காத்திருந்தார்கள். அதைப்போல ஒரு கொடுமை உண்டா! டாக்கோக்கள் மேசையில் காய்ந்துகொண்டிருந்தன. சாருஜன் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் தலையைப் பிடித்தபடி இருந்தான். புஷ்பராணி அறிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டு முடித்து, திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினாள். தொலைபேசி அடித்தபோது அவளுக்கு உயிர் போய் வந்தது.

கியர்ஸ்டன் எடுத்துக் கேட்டுவிட்டு அவளிடம் நீட்டினாள். "வில்லாஸின் அம்மா. உன்னோடு பேச வேண்டுமாம்."

புஷ்பராணி போனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தாள்.

"நன்றாக மூச்சு விடுகிறான்," என்றாள் தாய். "ஐஸ்கிரீம் கேட்டுச் சண்டை பிடிக்கிறான். நீங்கள் உடனே சொன்னதால்தான் தப்பினான் என்கிறார் டொக்டர். பிழை யாருக்கும் வரும். ஆனால் உடனே வாயைத் திறந்து சொல்கிற ஒருவர் அந்தக் குசினியில் இருந்தால் எனக்குப் பயமில்லை. அவனைத் திரும்பவும் அங்கேதான் கொண்டுவருவேன்."

பக்கத்தில் வந்து காது கொடுத்துக்கொண்டிருந்த சாருஜனைப் புஷ்பராணி பார்த்தாள். அவன் சொல்ல வேண்டாம் என்று தலையாட்டினான். நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம். அவள் தெரிந்தும் வாயை மூடி நின்றது சாருஜனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

"உடனே இல்லை," என்றாள். தமிழில் சொன்னதால் தாய்க்கு விளங்கவில்லை. புஷ்பராணி டெனிஷில் சொல் சொல்லாகத் திரும்பச் சொன்னாள். "நான் உடனே சொல்லவில்லை. முதலில் என் வேலையை நினைத்தேன்."

போனில், மற்றப் பக்கம், பின்னால் எங்கேயோ வில்லாஸ் ஐஸ்கிரீம், ஐஸ்கிரீம் என்று கத்துவது மட்டும் கேட்டது. நல்ல கணீரென்ற குரல். தாய் போனை வைக்கும்வரைக்கும் புஷ்பராணி அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.