மைக்கில் வந்த காசம்மாள்

இரண்டாவது அலை வந்த வருஷம், மே மாதத்தில், அரியூர் எழில் சவுண்ட் சர்வீஸின் ஸ்பீக்கர் பெட்டிகளெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. கல்யாணத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது. திருவிழா இல்லை, காதுகுத்து இல்லை, கட்சிக் கூட்டமும் இல்லை. எழிலரசன் காலையில் ஷட்டரைத் தூக்குவான், ஆம்ப்ளிஃபயர்களைத் துடைப்பான், எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பார்ப்பான், பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவான்.

அவன் மனைவி ஜெயசித்ராவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மகளிர் குழு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. நெருக்கடி காலத்தில் சிறுதொழில் செய்பவர்கள் சோஷியல் மீடியாவில் என்னென்ன போடலாம் என்று இலவச வகுப்பு, போனிலேயே பார்க்கலாம். ஜெயசித்ரா மகளின் பழைய கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வகுப்பெடுத்த பெண் பெங்களூரிலிருந்து பேசினாள். தொழில் நடக்கிற விதத்தைக் காட்டுங்கள், கேள்வி கேளுங்கள், பழைய ஞாபகங்களைப் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். ஜெயசித்ரா ஒன்று விடாமல் எழுதினாள்.

முதலில், எழிலரசன் ஆம்ப்ளிஃபயர் துடைப்பதை வீடியோ எடுத்துக் கடையின் பேஸ்புக் பக்கத்தில் போட்டாள். பதினோரு லைக் விழுந்தது. அதில் பாதி சொந்தக்காரர்கள். ‘மச்சான் இளைச்சிட்டியே’ என்று ஒரே ஒரு கமெண்ட்.

அடுத்து ஒரு கேள்வி போட்டாள்: ‘லாக்டவுன் முடிஞ்சதும் உங்க வீட்டு முதல் விசேஷம் என்ன?’ கூடவே இரண்டு பட்டாசுப் படம். அரை மணி நேரத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: ‘இன்னாக்கா இது, எங்க வூட்ல நாலு பேருக்குக் காய்ச்சல்.’

ஜெயசித்ராவுக்கு முகம் சுட்டது. உடனே அதை அழித்தாள். அந்த நோட்டை இரண்டு நாள் தொடவில்லை.

மூன்றாம் நாள் மதியம், வேறு எதையோ தேடப்போய், பென்டிரைவ்கள் போட்டு வைத்திருந்த டப்பா கையில் கிடைத்தது. எழிலரசனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய திருவிழா என்றால் மிக்சரில் பென்டிரைவைச் சொருகி ரெக்கார்டிங்கை ஓடவிட்டு விடுவான். பிரசங்கம், அறிவிப்பு, நடுவில் வெறும் இரைச்சல் எல்லாமே பதிவாகும். எதையும் அழிக்க மாட்டான். திருப்பிக் கேட்கவும் மாட்டான்.

அவள் ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டு ஹெட்போனை மாட்டினாள். வில்லியனூர் மாதா கோயில் திருவிழா, 2014.

முதலில் காதில் விழுந்தது கூட்டத்தின் சத்தம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் சும்மா பேசிக்கொண்டிருக்கிற சத்தம். ஐஸ் வண்டியின் மணி, பலூன் உரசுகிற கிறீச், எங்கோ ஒரு குழந்தையின் வீறிடல், அதற்கும் மேலே ஜெபமாலை சொல்கிற பெண்களின் குரல். இத்தனை பேர் ஒரே இடத்தில் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றதைக் கேட்டு ஒன்றரை வருஷமாகியிருந்தது. அந்தக் காலத்தில் அவளும் கணவனுடன் போவாள். மிக்சருக்குப் பின்னால் காலிப் பெட்டி மேல் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டு, சனம் இடித்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காலில் மிதித்தால் ‘கண்ணு தெரியல?’ என்று சண்டை போடுவாள். இப்போது யாராவது வந்து மிதித்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. முதலில் எழிலரசன், ஏழு வருஷம் இளையவனாக: “அம்மா, பேரைச் சொல்லுங்க, நான் கூப்பிடறேன்… அம்மா, மைக்கைக் குடுங்கம்மா…” பிறகு மைக் எதன் மேலோ உரசுகிற சத்தம். அதன் பிறகு ஒரு பெண்:

“யோவ் டேனியலு! எங்கய்யா போய்த் தொலைஞ்ச? நான் காசம்மா பேசறேன். பையை என் கையில குடுத்துட்டு அஞ்சு நிமிஷத்துல வரேன்னு போன ஆளு, ஒரு மணி நேரமாவுது. குளத்தாண்ட நிக்கிறேன். நீயா வர்றியா, நான் வரட்டுமா?”

பின்னால் கூட்டம் மொத்தமும் சிரித்தது. ஜெயசித்ராவும் வாய்விட்டுச் சிரித்தாள். எழிலரசனைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தாள்.

“யப்பா, இந்தம்மாவா! மைக்கைப் பிடுங்கிட்டாங்கடி என் கையிலருந்து. திருப்பி வாங்கறதுக்குள்ள உயிரு போயிடுச்சு.”

அந்த முப்பது விநாடியை வெட்டி, குளத்தின் படம் ஒன்றைச் சேர்த்துப் போட்டாள். ‘2014 திருவிழா. இந்த அக்கா யாருன்னு தெரியுமா? டேனியல் அண்ணன் கிடைச்சாரா?’ என்று மட்டும் எழுதினாள்.

மாலைக்குள் ஆயிரம் பேர் பார்த்திருந்தார்கள். மறுநாள் எண்ணவே முடியவில்லை. சேதராப்பட்டு கம்பெனி வேலைக்காரர்கள், துபாயில் இருப்பவர்கள், கல்யாணமாகிக் காரைக்கால் போனவர்கள் என்று யார் யாரோ எழுதினார்கள். ‘அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன்.’ ‘எங்கம்மாவும் இப்படித்தான் திட்டும்.’ ‘எப்ப மறுபடியும் இப்படிக் கூட்டத்துல நிப்போம்?’

நான்காம் நாள் காலை ஒரு போன் வந்தது.

“எழில் சவுண்டுங்களா? எம்பேரு செல்வகுமாரி. பாகூர்லருந்து பேசறேன். அந்த வீடியோல பேசறது எங்கம்மா.”

ஜெயசித்ராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அய்யோ, உங்கம்மாவா! நாலு நாளா ஊரே அவங்களத் தேடுதுக்கா. போனை அவங்க கையில குடுங்களேன், ஒரு வார்த்தை பேசறேன்.”

“அம்மா போயி பன்னெண்டு நாளாவுதுங்க.”

ஜெயசித்ரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. இப்பவே எடுத்துடறேன். மன்னிச்சிடுங்க.”

“எடுக்காதீங்க,” என்றாள் செல்வகுமாரி அவசரமாக. “அதுக்குக் கூப்பிடல. ஆஸ்பத்திரியிலருந்து சுத்திக் குடுத்தாங்க. மூஞ்சியக் கூட யாரும் பாக்கல. அப்பாவுக்கும் காய்ச்சல், ரூமுக்குள்ளயே இருந்தாரு, கல்லறைக்கும் வரல. அம்மா போன் வச்சிக்கினதில்ல. அவங்க குரல்னு ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல. நேத்து என் மச்சினர்தான் இதை அனுப்பினாரு. முழுசா இருந்தா குடுப்பீங்களா?”

அன்று பகல் முழுக்க ஜெயசித்ரா அந்த ரெக்கார்டிங்கைக் கேட்டாள். காசம்மாள் மூன்று தடவை மைக்குக்கு வந்திருந்தாள். இரண்டாம் தடவை இன்னும் காரம். மூன்றாம் தடவை குரல் இறங்கியிருந்தது. கிட்டத்தட்ட கெஞ்சல்.

“வாய்யா. காலு வலிக்குது. பேத்தி தோள்லயே தூங்கிட்டா. எனக்கு பயமா இருக்கு. நீ வா, திட்டமாட்டேன்.”

மூன்றையும் செல்வகுமாரிக்கு அனுப்பினாள்.

எழிலரசன் கமெண்டுகளைப் படித்துக்கொண்டிருந்தான். “சனம் கேக்குதுடி, அடுத்தது எங்கன்னு. அந்த மூணாவதைப் போட்டா எங்கியோ போவும். நம்ம பேரு தெரியாத ஆளே இருக்கமாட்டான்.”

“போடமாட்டேன்.”

“ஏன்? நம்ம ரெக்கார்டிங்தான?”

“மெஷின்தான் நம்மளது. அந்தம்மா புருசன்கிட்ட பேசினது நம்மளது இல்ல.”

எழிலரசன் போனை மேசையில் வைத்தான். சாப்பிட உட்கார்ந்தபோது, “நீ சொல்றது சரிதான்” என்றான்.

செல்வகுமாரியின் சம்மதத்தோடு முதல் பதிவு மட்டும் பக்கத்தில் நின்றது. அதற்குக் கீழே, காசம்மாள் இப்போது இல்லை என்று ஜெயசித்ரா இரண்டு வரி எழுதினாள். அதன் பிறகுதான் மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் செடல் திருவிழாவில் அப்பா வரவேற்புரை வாசித்தார், இருக்கிறதா? என் தம்பி பள்ளி ஆண்டு விழாவில் பேசினான், இருக்கிறதா? கணவனும் மனைவியும் ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு தேடினார்கள். கிடைத்தால் கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்பினார்கள். கிடைக்காவிட்டால் ஜெயசித்ராவே போன் செய்து சொன்னாள். அந்த போன்களில் அவள் கேட்ட கதைகளே ஒரு பென்டிரைவ் நிறையும்.

வேலையும் அந்த வழியாகத்தான் வந்தது. வில்லியனூர்க் காய்கறிக் கடைக்காரர் ஒருவர், “அந்த மாதா கோயில் மைக் செட்டு நீங்கதான?” என்று கேட்டு, கடை திறக்கும் நேரத்தை ஆட்டோவில் அறிவிக்கச் சொன்னார். ஜெயசித்ராவின் குரலிலேயே பதிவு செய்தார்கள். பிறகு மருந்துக் கடை, அரிசி மண்டி, தடுப்பூசி முகாம். எழிலரசன் ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு வெறிச்சோடிய தெருக்களில் அவள் குரலைக் கொண்டுபோனான். ஜன்னல்களில் முகங்கள் வந்து நின்று கேட்டன. அப்படித்தான் அந்த வருஷத்தைக் கடந்தார்கள்.

இப்போது சீசனில் மூன்று செட் ஒரே நாளில் வெளியே போகிறது. பேஸ்புக் பக்கத்தை மகள் பார்த்துக்கொள்கிறாள். ஆனாலும் ஜெயசித்ரா அந்த மே மாதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கஷ்டத்தை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு டேனியல் வந்த நாளுக்குப் போய்விடுவாள்.

அவர் ஆகஸ்ட்டில் வந்தார். பஸ் ஓடத் தொடங்கிய பிறகு, ஒருநாள் காலை பதினோரு மணிக்கு. ஒடிசலான மனிதர். முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கி, பேரைச் சொன்னார். எழிலரசன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“போன்ல கேட்டேன் தம்பி. பொண்ணு போட்டுக் காட்டினா. ஆனா அதுல கீச்சுனு கேக்குது. அவ குரலு அப்படி இருக்காது. பெரிய பெட்டியில ஒரு தடவ போடுவியா?”

எழிலரசன் தார்ப்பாயை விலக்கி, இரண்டு பெட்டிகளை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தான். ஜெயசித்ரா மூன்றையும் வரிசையாக ஓடவிட்டாள். தெருவில் போன சைக்கிள் ஒன்று நின்றது. எதிர் டீக்கடையில் பேச்சு அடங்கியது. காசம்மாள் திட்டினாள், மறுபடி திட்டினாள், கடைசியில் கூப்பிட்டாள். டேனியல் தலையைக் குனிந்தபடி கேட்டார். முடிந்த பிறகும் பெட்டியில் கொஞ்ச நேரம் திருவிழாக் கூட்டம் பேசிக்கொண்டிருந்தது.

“மொதத் தடவையே கேட்டுடுச்சும்மா எனக்கு,” என்றார் மெதுவாக. “வளையல் கடைக்குப் பின்னால நின்னு பீடி குடிச்சிக்கினு இருந்தேன். எம்பேரை மைக்ல சொல்றா, ஊரே கேக்குது. எனக்கு ஒரே பெருமை. இன்னொரு தடவ சொல்லுவான்னு நின்னுட்டேன்.”

ஜெயசித்ராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “திட்டமாட்டேன்னாங்களே, நிஜமாவே திட்டலையா?”

டேனியல் நிமிர்ந்து பார்த்தார். ஈரமான கண்ணோடு வாயெல்லாம் சிரிப்பு.

“திட்டாம? பஸ்ஸு பாகூர் போய்ச் சேர்ற வரைக்கும் திட்டினா.”