சாப்பாட்டு மேஜை இங்கிலீஷ்

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும்; தமிழ் பேசினால் பாத்திரம் கழுவ வேண்டும். பல் டாக்டரின் வரவேற்பறை வேலைக்காக இலக்கணம் படித்துக்கொண்டிருந்த அவளே போட்ட சட்டம் அது. இன்று அதுவே அவள் வாயைக் கட்டிப்போட்டது.

சாயங்காலம் கணவன் தன் அக்காவிடம் போனில், "வீட்டுல ஒரு கிளி வளர்க்கிறேன். சொன்னதையே சொல்லிட்டிருக்கு" என்று சிரித்தது அவள் காதில் விழுந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வைக்காமல் விடுவதில்லை என்றுதான் வந்து உட்கார்ந்தாள். ஆனால் அவள் புத்தகத்தில் நலம் விசாரிக்கவும் வழி கேட்கவும்தான் பாடம் இருந்தது. சண்டை போட இல்லை.

"ப்ளீஸ், ஐ ஆம் வெரி ஆங்ரி. தேங்க் யூ."

அவனுக்குப் புரையேறியது. சொல் தேடுவதற்குள் தன் கோபம் ஆறிப்போவதை அவள் உணர்ந்தாள். அதை இழக்க மனமில்லை.

"பாத்திரம் கிடக்கட்டும்! நான் கிளியா? இத்தனை வருஷமா உங்களுக்குப் பொங்கிப் போட்டது எந்தக் கிளி? நாக்குல நரம்பில்லாமப் பேசினா கொத்தத்தான் செய்யும்!"

நெஞ்சு லேசானது.

"சாரி" என்றான் சட்டென்று.

"அது சும்மா வரும். தமிழ்ல சொல்லுங்க."

வாயைத் திறந்தான், மூடினான். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவளிடம் அவன் சொன்னதே இல்லை.

"மன்..."

"ம், வருது. பயப்படாமச் சொல்லுங்க."

"மன்னிச்சிடும்மா."

"உச்சரிப்பு பரவாயில்ல" என்றாள்.