ஏழாம் நம்பர் மட்டை

இடது மார்பில் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் கழித்து டாக்டர் சித்தி ஜுனைதா கோல்ஃப் மைதானத்துக்குத் திரும்பி வந்தபோது, பையிலிருந்து முதலில் உருவியது மூன்றாம் நம்பர் மட்டையைத்தான். புல்தரையில் கிடக்கும் பந்தை வெகுதூரம் அனுப்புவதற்கான மட்டை அது. இருபது வருடமாக அவர் அடித்துப் பழகியது. சசிரேகா பையைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நின்றாள்.

பந்து எழும்பவே இல்லை. தரையோடு தரையாக ஓடி வலது பக்கப் புதரில் போய் நின்றது. அடுத்த பந்தும் வலது பக்கம்தான் போனது. மூன்றாவது தடவை மட்டை பந்தைத் தொடுவதற்கு முன்பே மண்ணில் இடித்தது. டாக்டரம்மா இடது தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்குக் காத்து ஒரு மாதிரி அடிக்குதில்ல, சசி?"

காற்றே இல்லை. தூரத்தில் குழியில் நட்டிருந்த கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"ஆமாம்மா" என்றாள் சசிரேகா.

உத்திரமேரூர் பஜார் தெருவில் முப்பது வருடமாகப் பிரசவம் பார்க்கிறவர் டாக்டரம்மா. சசிரேகாவுக்குத் திருப்புலிவனம். செங்கல்பட்டு போகிற வழியில் இருக்கும் இந்த மைதானத்துக்குப் புல் வெட்டும் வேலைக்குத்தான் முதலில் வந்தாள். ஆட வரும் பெண்கள் தங்களுக்குப் பை சுமக்கப் பெண்களே வேண்டுமென்று கேட்கவும், அவளைக் கேடியாக மாற்றிவிட்டார்கள். "கேடின்னா ஸ்டேஷன்ல போட்டோ ஒட்டி வெப்பாங்களே, அந்தக் கேடியா?" என்று அவள் புருஷன் தமிழரசன் ஒரு வாரம் சிரித்தான். ஆறு வருடத்தில் அவள் எல்லா மட்டையும் கற்றுக்கொண்டாள். எது எவ்வளவு தூரம் போகும், யார் கைக்கு எது ஒத்துவரும் என்பதை, ஆடுகிறவர் நிற்கிற நிலையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் டாக்டரம்மாவின் கார் பஸ் ஸ்டாண்டில் வந்து அவளை ஏற்றிக்கொள்ளும்.

அன்று காரில் திரும்பும்போது டாக்டரம்மா, அறுவைக்குப் பிறகு வீங்கிய இடது கையில் இறுக்கமான உறை மாட்டியிருந்தார். வலது கையால் அதை மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி நீவிக்கொண்டே வந்தார். இல்லாத காற்றுக்குத் தான் ஆமாம் போட்டது சசிரேகாவை அந்த வாரம் முழுவதும் உறுத்தியது.

அடுத்த ஞாயிறு தினேஷ்குமார் வந்திருந்தான். சென்னையில் கோல்ஃப் சாமான் விற்கிறவன். மாதம் ஒருமுறை வேனில் மட்டைகளைக் கொண்டுவந்து, அடித்துப் பார்க்கக் கொடுப்பான். புத்தம் புது மூன்றாம் நம்பர் ஒன்றை டாக்டரம்மாவிடம் நீட்டினான். அவர் நான்கு பந்து அடித்தார். ஒன்றுகூட முழங்கால் உயரத்துக்கு மேல் எழவில்லை.

"பழகினா செட் ஆயிடும் மேடம்" என்றான்.

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லு, சசி."

சசிரேகா பையைக் கீழே வைத்தாள்.

"மூணாம் நம்பரு இனிமே உங்களுக்கு ஆவாதும்மா. புச்சு வாங்கனாலும் ஆவாது. இடது கை முன்ன மாதிரி சுத்த மாட்டேங்குது. போன வாரம் காத்துன்னு சொன்னீங்க, நானும் ஆமான்னுட்டேன். அன்னிக்கிக் காத்தே இல்ல."

தினேஷ்குமார் வேனுக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

"அப்ப எது ஆகும்?" டாக்டரம்மாவின் குரல் இறுகியிருந்தது.

வேனிலிருந்த ஏழாம் நம்பரை சசிரேகா எடுத்து வந்தாள். தண்டு குட்டை. தலை அகலமாகத் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது.

"இதான். மொகம் நல்லா சாஞ்சி கீது, பந்தைத் தன்னால மேல தூக்கும். நடுவுல படாம ஓரத்துல பட்டாக்கூட ரொம்பக் கோணிக்கினு போவாது."

"கிழவிங்க ஆடற மட்டை அது."

"தூரம் கொறையும். முப்பது கஜம் கொறையும். ஆனா பாத்த எடத்துக்குப் போவும்."

டாக்டரம்மா கையிலிருந்ததைத் தரையில் போட்டுவிட்டு நடந்துபோய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். வேலை போனாலும் போகட்டும் என்று சசிரேகாவும் பின்னாலேயே போனாள்.

"உன்னை யாரு இவ்ளோ பேசச் சொன்னது?"

"நீங்கதாம்மா கேட்டீங்க." கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள். "ஏழு மாசத்துல எனக்கு வவுத்துல அசைவு நின்னுபோச்சே, நெனப்பு கீதா? ஒண்ணுமில்ல, கொயந்த தூங்குதுன்னு வூட்ல அத்தினி பேரும் சொன்னாங்க. நீங்க ஒருத்தருதான் என் கையப் புடிச்சிக்கினு, கொயந்த போயிடுச்சும்மான்னு சொன்னீங்க. எனக்கு உங்க மேல அவ்ளோ கோவம். அப்பறம் யோசிச்சுப் பாத்தா, அன்னிக்கி எங்கிட்ட பொய் சொல்லாதது நீங்க மட்டுந்தான்."

டாக்டரம்மா குனிந்து மடியைப் பார்த்தார்.

"ஞாபகம் இருக்கு" என்றார். "பொண்ணு."

பதினோரு வருடத்தில் அந்த வார்த்தையை வேறு யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சசிரேகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டரம்மா காரிலிருந்து இறங்கினார்.

அந்த ஏழாம் நம்பர் மட்டையின் கழுத்தில் ஒரு திருகு இருந்தது. சாவி போட்டுக் கழற்றி, ஒரு கோடு தள்ளி மாட்டினால் முகம் இன்னும் கொஞ்சம் சாயும். பந்து இன்னும் சுலபமாக எழும். மொத்தம் நாலு கோடு. அடியில் காசு மாதிரி ஓர் எடைத்துண்டும் இருந்தது. பந்து வலது பக்கம் ஓடாமலிருக்க தினேஷ்குமார் அதைக் கழுத்துப் பக்கமாக நகர்த்தி வைத்தான். திருகை முதல் கோட்டில் மாட்டினான். "டக்குனு சத்தம் வந்தா நிறுத்திடணும்" என்று சசிரேகாவிடம் சொல்லிச் சாவியைக் கொடுத்தான்.

டாக்டரம்மா பாதி வீச்சில்தான் அடித்தார். பந்து எழும்பி, நேராகப் போய், நூறு கஜத்தில் மெதுவாக விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு போடு" என்றார்.

ஆடியும் ஆவணியும் நல்லபடியாகப் போயின. ஒன்பது குழியும் ஆடினார். வழியில் ஒரு குட்டை உண்டு. அதைத் தாண்டி அடித்த அன்று கார் ஓட்டுநரைக் கூப்பிட்டு எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார்.

புரட்டாசியில் பந்து மறுபடி தாழ்ந்தது. முதல் பந்து அடித்ததுமே டாக்டரம்மா மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஈரலுக்கு வந்துடுச்சு, சசி. ஸ்கேன் பாத்துட்டேன்."

சசிரேகா பையைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குது."

"ஒரு கோடு ஏத்தட்டுமா?"

"ஏத்து."

அவள் புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்து, மட்டையை மடியில் வைத்துத் திருகினாள். டக்கென்று சத்தம் வந்தது. அடுத்த பந்து எழுந்தது. எண்பது கஜம்.

அதன் பிறகு சில வாரத்துக்கு ஒருமுறை அப்படித்தான் நடந்தது. ஒன்பது குழி ஆறாயிற்று, ஆறு மூன்றாயிற்று. ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டுவிட்டுத்தான் திருகினாள். ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா தலையசைத்தார். ஐப்பசிக் கடைசியில் மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு, பந்து இருபது கஜம்கூடப் போகவில்லை. சசிரேகா சாவியை எடுத்தவள் மட்டையின் கழுத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுக்கு மேல எடமில்லம்மா. நாலாவது கோட்லதான் கீது."

"தெரியும்" என்றார் டாக்டரம்மா. "பையை இங்கயே வை. சும்மா நடக்கலாம்."

தோளில் பை இல்லாமல் சசிரேகாவுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டாக்டரம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது குழி வரை போய், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த இரண்டு ஞாயிறும் அப்படியே நடந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு கார் வரவில்லை.

மார்கழியில் சசிரேகா பஜார் தெரு வீட்டுக்குப் போனாள். மாடி அறையில் டாக்டரம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இவள் குரல் கேட்டுத் திரும்பினார். கண்கள் மஞ்சளாக இருந்தன.

"மைதானம் எப்படி இருக்கு?"

"நல்லா இல்லம்மா. மூணாவது குழி மொத்தமும் தண்ணி. புல்லு அயுகி நாத்தம் அடிக்குது. ரெண்டு வாரமா பூட்டிக் கீது, யாரும் ஆடல."

"யாருமேவா?"

"யாருமே."

டாக்டரம்மா உதட்டைச் சுளித்து லேசாகச் சிரித்தார். "நான் மட்டும்தான் ஆடலன்னு நெனச்சு அழுதுட்டிருந்தேன்."

சசிரேகா அவர் இடது கையை மடியில் எடுத்து வைத்து, மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி நீவிவிட்டாள். கை கனமாகவும் சில்லென்றும் இருந்தது. இருட்டுகிறது, பஸ் போய்விடும் என்று வீட்டிலிருந்தவர்கள் சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

"நாளைக்கி வரட்டாம்மா?"

"வா. நான் பேசுவேனான்னு தெரியாது."

மறுநாளும் அதற்கடுத்த மூன்று நாளும் போனாள். டாக்டரம்மா பேசவில்லை. ஆனால் கையை நீட்டினார். அதற்கு மறுநாள் காலையில் டாக்டரம்மா வீட்டிலிருந்து போன் வந்தபோது சசிரேகா அடுப்பில் உலை வைத்திருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, "டாக்டரம்மா போயிட்டாங்க" என்று தமிழரசனிடம் சொன்னாள். இருவரும் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள்.