மூன்றாம் தொட்டியின் வால்வு

சூளகிரிக்கு வெளியே, எஃகுத் தகடுகளை நைட்ரிக் அமிலத்தில் கழுவும் தொழிற்சாலை அது. கழிவுநீர் நிலைய ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள் மணிமேகலை. விருதுநகர்க்காரி, ஓசூருக்கு வந்து இரண்டு வருடம்.

பத்து நாளாக நைட்ரேட் குறையவில்லை. லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டியது நாற்பத்திரண்டில் நின்றது. மூன்றாம் தொட்டியில் நைட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியாவுக்குத் தீனி போதவில்லை என்று நினைத்து, தினமும் மொலாசஸ் பாகைக் கூட்டி ஊற்றச் சொன்னாள். பலனில்லை.

பதினோராம் நாள் காலை ஆக்சிஜன் மீட்டரை அந்தத் தொட்டிக்குள் இறக்கினாள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய அளவு, இரண்டைத் தொட்டது. தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். மூடியே இருக்க வேண்டிய பின்பக்கக் காற்றுக் குழாயின் வால்வு கால்வாசி திறந்திருந்தது.

ஆபரேட்டர் விமல்ராஜ் கெலமங்கலத்துக்காரன். கேட்டதும் ஒப்புக்கொண்டான்.

"நாந்தாங்க மேடம் தொறந்தேன். கலக்கற மோட்டார் நின்னுபோச்சு இல்லீங்களா, சேறெல்லாம் அடியில படிஞ்சி நாத்தம் வந்துச்சு. மோட்டார் சரியான பொறவும் மூட மனசு வரலீங்க. காத்தில்லாம உள்ள இருக்கறதெல்லாம் செத்துடும்னு நெனச்சேன்."

"சாகாது விமல். காத்து கெடைக்கிற வரைக்கும் அதுக காத்தத்தான் எடுக்கும், நைட்ரேட்டத் திரும்பியே பாக்காது. காத்து இல்லேன்னாத்தான் நைட்ரேட்டுல இருக்குற ஆக்சிஜன உருவிச் சுவாசிக்கும்."

"அப்போ நல்லது பண்றேன்னு கெடுத்துட்டனாங்க?"

அவள் போய் வால்வை இறுக மூடினாள். ஊற்றிய பாகையெல்லாம் பாக்டீரியா அந்தக் காற்றைச் சுவாசித்தே தின்று தீர்த்திருந்தது. ஊற்றச் சொன்னது அவள்தான்.

மேலாளர் கமலக்கண்ணன் மதியம் இருவரையும் அழைத்துக் கேட்டார். "வால்வ யாரும்மா தொறந்தது?"

"மோட்டார் நின்னப்ப சேறு படியக்கூடாதுன்னு விமல்ராஜ் தொறந்தாரு சார். நான் மொத நாளே ஆக்சிஜன் பாத்திருக்கணும். பாக்கல."

அவர் இருவரையும் பார்த்தார். இனி தினமும் அளந்து எழுதும்படி சொல்லிவிட்டுப் போனார்.

வால்வை மூடிய நான்காம் நாள் நைட்ரேட் பதினொன்றுக்கு இறங்கியது. அளவு எழுதிய தாளை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, விமல்ராஜ் தொட்டி விளிம்பில் கவலையோடு நின்றிருந்தான்.

"மேடம், வால்வு இறுக்கமாத்தாங்க இருக்குது. ஆனாலும் குமிழி வருது பாருங்க."

"அது நம்ம காத்து இல்ல. நைட்ரேட்ட எடுத்துட்டு அதுக வெளிய விடுற நைட்ரஜன்."

அவன் குனிந்து பார்த்தான். பழுப்பு நீரில் பொடிப்பொடியாகக் குமிழிகள் வந்து உடைந்துகொண்டிருந்தன. டீ நேரம் தாண்டியும் அவன் அங்கேயே நின்றான்.