குழாய்க்காரர் வீட்டு வாசல்

நகராட்சி ஆட்கள் வந்து கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போன நேரத்தில் குழாய்க்காரர் வேறொருவர் வீட்டுச் சமையலறையில் சிங்க்குக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தார். சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போதுதான் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, நின்ற இடத்திலேயே படித்தார்.

வாசலில் பழைய பொருட்களைக் குவித்து வைத்திருப்பதும், மழைநீர்க் குழாய் உடைந்து தொங்கி அந்தத் தண்ணீர் எதிர்ப்பக்கக் கடைப் படியில் போய்த் தேங்குவதும் குடியிருப்புப் பராமரிப்பு விதிகளுக்கு முரணானவை. ஒரு மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அபராதம். பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் கொடுத்த புகாரின்பேரில் இந்த நடவடிக்கை.

அபராதம் அவரைச் சுடவில்லை. அந்தக் கடைசி வரிதான் சுட்டது.

வாசலில் பொருள் குவிந்து கிடந்தது உண்மைதான். எந்த வீட்டில் வேலைக்குப் போனாலும் கழற்றிப் போட்டதைக் கையோடு கொண்டு வந்துவிடுவார். விளிம்பு உடைந்த வாஷ்பேசின்கள், ஒரு குளியல் தொட்டி, வேலை செய்யாத கீசர், கட்டுக் கட்டாகக் குழாய்கள். கேட்டிலிருந்து கதவுக்குப் போக ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவுக்கு வழி இருந்தது. மழைநீர்க் குழாய் தொங்கியதும் உண்மை. ஊரில் யார் வீட்டில் சொட்டினாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஓடுகிற மனிதர், தன் வீட்டுக் குழாயைப் பற்றி மனைவி பேச்செடுத்தால் "ஆகட்டும்" என்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

"யாரு எழுதிப் போட்டிருப்பா?" என்று உள்ளே வந்ததும் கேட்டார்.

மனைவி மின்வாரியப் புகார்ப் பிரிவில் வேலை பார்ப்பவள். காலையிலிருந்து சாயங்காலம்வரை காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் குறைகளைக் கேட்டுப் பதிவு செய்துவிட்டு அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றியிருந்தாள்.

"யாரா இருந்தா என்ன? சொன்னது நெசந்தானே" என்றாள்.

"நெசம் பொய்யி இல்ல விஷயம். மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கென்ன?"

"சொன்னா செஞ்சிருப்பீங்களா?"

அவர் காதில் அது விழவில்லை. எதிர்ப்பக்கக் கடைப் படி என்ற வார்த்தையிலேயே அவர் மனம் நின்றுவிட்டது. எதிரே இருந்தது ஒரே கடை. தையற்காரர் கடை.

தையற்காரரும் அவரும் இந்தத் தெருவுக்கு ஒரே சமயத்தில் குடிவந்தவர்கள். தினமும் சாயங்காலம் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இருவரும் டீ குடிப்பார்கள். அரசியலில் ஆரம்பித்து முட்டிவலியில் முடியும் பேச்சு. போன மாதம்கூட, "உன் வீட்டுக்குள்ள போக வழிகாட்டி வேணும்ப்பா" என்று தையற்காரர் கிண்டல் செய்திருந்தார். அன்றைக்கு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். இப்போது அந்தச் சிரிப்புக்கு வேறு அர்த்தம் தெரிந்தது.

மறுநாள் நேராகக் கடைக்குப் போனார். அங்கே தைக்கக் கொடுத்திருந்த பேண்ட் ஒன்று இருந்தது.

"என் துணியைக் குடு."

"இன்னும் கால் மடிச்சுத் தைக்கலையே."

"தைக்க வேணாம். குடு."

தையற்காரர் அவரை ஒரு கணம் பார்த்தார். எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். கேட்காததுதான் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்று குழாய்க்காரர் முடிவு கட்டினார். அன்றிலிருந்து எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலைக்குக் கிளம்பும்போது, பார்க்கவில்லை என்பது எதிராளிக்குத் தெரியும்படி பார்க்காமல் போனார். பேண்ட்டின் காலை வெளிப்பக்கமாக மடித்துவிட்டுக்கொண்டு போட்டார்.

"அவரா இருக்காதுங்க" என்று மனைவி இரண்டு மூன்று முறை சொன்னாள்.

"நீ எல்லாரையும் நல்லவங்கன்னு நம்புவ. அதான் உன்கிட்டப் பிரச்சினை."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்து, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வாசலை மட்டும் அவர் தொடவில்லை. இப்போது எடுத்தால் அவனுக்குப் பயந்து எடுத்தது போலாகிவிடும் என்றார். குவியலுக்கு மேலே புதிதாக ஒரு ஃப்ளஷ் டேங்க்கும் வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் நகராட்சியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பராமரிப்பு விதிகளை எப்படி அமல்படுத்துவது என்று மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்களாம். சனிக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூட மண்டபத்தில். குழாய்க்காரர் அதைப் படித்துவிட்டு ஒரு வாரமாகவே பேச்சைத் தயார் செய்தார். குளிக்கும்போது உள்ளேயிருந்து குரல் கேட்கும்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலிகள். பெரியவர்கள் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். குழாய்க்காரரும் மனைவியும் முன்வரிசையில். தையற்காரர் கடைசி வரிசையில், கழுத்தில் அளவு நாடாவோடு. கழற்றி வைக்க மறந்து வந்திருந்தார்.

மேடையில் பராமரிப்புப் பிரிவு அதிகாரி நின்றாள். தொண்டை கட்டிப்போன நடுவயதுப் பெண்மணி. இந்த வாரம் இது ஐந்தாவதோ ஆறாவதோ கூட்டம் போலிருந்தது.

"இப்போ யாராவது புகார் குடுத்தாத்தான் நாங்க வர்றோம். வந்து பாத்து நோட்டீஸ் ஒட்டுறோம். குடுத்தவங்க பேரைச் சொல்றதில்ல. இது சரியான்னு சொல்லுங்க. பேரைச் சொல்லணுமா? ஒட்டுறதுக்கு முன்னாடி வேற எதாவது செய்யணுமா? நீங்க பேசறதையெல்லாம் எழுதிட்டுப் போயித்தான் விதியை மாத்துவோம்."

முதல் ஆளாகக் குழாய்க்காரர் எழுந்தார்.

"பேரைச் சொல்லணும். இது மொட்டைக் கடிதாசி மாதிரி. எழுதினவன் நிம்மதியாத் தூங்கறான், வாங்கினவன் தெருவுல யாரைப் பாத்தாலும் இவனா அவனான்னு யோசிக்கறான். கூட உக்காந்து டீ குடிச்சவனையே சந்தேகப்பட வேண்டியிருக்கு." கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது தலை தானாகப் பின்வரிசைப் பக்கம் திரும்பியது.

நாலைந்து பேர் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் ஓரத்திலிருந்து ஓர் இளம்பெண் எழுந்தாள். இடுப்பில் குழந்தை. கீழ்த்தெருவில் வாடகைக்கு இருப்பவள். குழாய்க்காரருக்கு அவளைத் தெரியும். அந்த வீட்டுக் குளியலறையில் அவர் வேலை பார்த்திருக்கிறார்.

"அண்ணன் சொல்றது அவங்களுக்குச் சரி. எங்க வீட்டுல மழை பெஞ்சா கட்டிலை நகத்தி நகத்திப் போட வேண்டியிருக்கு. வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். பிடிக்கலைன்னா காலி பண்ணுன்னாரு. நான் புகார் குடுத்தா, பேரு தெரிஞ்சா, அடுத்த மாசம் நாங்க எங்க போறது?"

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். குழாய்க்காரருக்கு அந்தக் கூரையின் ஈரக்கறை கண்ணுக்குள் வந்தது. போனபோது பார்த்திருக்கிறார். அது தன் வேலையில்லை என்று வந்துவிட்டார்.

அவர் மறுபடி எழுந்தார்.

"அந்தப் பொண்ணு சொல்றது நியாயம். வாடகைக்கு இருக்கறவங்களுக்குப் பேரு வேணாம். ஒத்துக்கறேன். ஆனா என் விஷயம் அப்படி இல்ல. நான் யாரையும் காலி பண்ணப் போறதில்ல. என் மேல புகார் எழுதினவன் இந்த மண்டபத்துலதான் இருக்கான். தைரியமிருந்தா எழுந்து நின்னு நான்தான்னு சொல்லட்டும்."

அதிகாரி ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தையற்காரர் எழுந்து நின்றார்.

"சரி, நான்தான்னே வச்சுக்கப்பா. இப்பவாவது அந்த வாசலைச் சுத்தம் பண்ணுவியா?"

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குழாய்க்காரரும் திரும்பினார். இத்தனை நாள் எதிர்பார்த்த வார்த்தைதான். கேட்டதும் சந்தோஷமாக இல்லை.

"உக்காருங்கண்ணே" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. அவர் மனைவி எழுந்து நின்றிருந்தாள். "அவர் இல்ல. எழுதினது நான்."

எங்கோ ஒருவர் இருமினார்; இன்னொருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். அவள் கணவனைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்தே பேசினாள், தினமும் மறுமுனையில் கேட்கிற புகார்களை ஒருநாள் தானே சொல்கிறவள் மாதிரி.

"ரெண்டு வருஷமா எங்க அக்காவைக்கூட வீட்டுக்குக் கூப்பிடல மேடம். அவங்களுக்கு உடம்பு கொஞ்சம் பெருசு, அந்த வழியில நுழைய முடியாது. இவர்கிட்டச் சொன்னா ஆகட்டும்பாரு. அந்த ஆகட்டும் இன்னும் ஆகல. ஊருல யாரு கூப்பிட்டாலும் ஓடறாரேன்னு, நானும் ஊருல ஒருத்தியா இருந்து கூப்பிட்டுப் பாத்தேன்."

"அப்புறம் எதுக்கு எதிர்க் கடைப் படின்னு எழுதினே?" என்று கேட்டார் குழாய்க்காரர்.

"வீட்டுல இருக்கறவளுக்குக் கஷ்டம்னு எழுதினா யாரும் எடுத்துக்க மாட்டாங்க. அடுத்தவங்களுக்கு இடைஞ்சல்னு எழுதினாத்தான் வருவாங்க. எனக்குத் தெரியாதா, என் வேலையே அதுதானே. நீங்க அவரோட பேச்சை நிறுத்துவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

அவள் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். சின்ன நாற்காலியில் இருவர் முழங்காலும் இடித்துக்கொண்டன. எழுந்து போய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவள் விரல்கள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். போகவில்லை.

அதிகாரி பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "சார், உங்க கருத்து என்னன்னு எழுதிக்கட்டும்?"

அவர் தொண்டையைச் செருமினார். "பேரு வெளிய வர வேணாம்னு எழுதிக்கங்க."

மண்டபம் சிரித்து ஓய நேரமாயிற்று. அவரும் சிரித்துவிட்டார், காது மட்டும் சிவந்திருந்தது. பிறகு எழுந்து, "இன்னொண்ணும் எழுதுங்க. ஆள் இல்லாத நேரம் பாத்து ஒட்டிட்டுப் போகாதீங்க. வந்து கதவைத் தட்டி ஒரு வார்த்தை பேசுங்க. பேசினப்புறமும் கேக்கலைன்னா ஒட்டுங்க" என்றார். அதை அதிகாரி அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பாதித் தூரம்வரை அவர் இரண்டடி முன்னாலேயே நடந்தார்.

"கோவமா?" என்றாள் அவள்.

"கோவம்தான்." கொஞ்சம் நடந்தபின் சொன்னார், "நாள் பூரா அடுத்தவன் வீட்டுல குழாயோட மல்லுக்கட்டிட்டு வந்தா, வீட்டுலயும் ஸ்பேனரைத் தொடப் பிடிக்கறதில்ல. வீட்டுலயாவது நான் குழாய்க்காரனா இருக்க வேணாம்னு தோணும்."

"எனக்கு மட்டும் வீட்டுக்கு வந்தும் புகார் எழுதணும்னு ஆசையா?"

அவர் நின்றுவிட்டார். இதை அவர் யோசித்ததே இல்லை. அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு நடந்தார். அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான். அவளுக்கும் அது புரிந்தது.

வீட்டுக்குள் போகாமல் எதிர்க் கடைக்குப் போனார். தையற்காரர் மெஷினில் குனிந்திருந்தார். ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது.

"நீ ஏம்ப்பா எழுந்து நின்னே?"

"நீ விடற மாதிரித் தெரியல. உன் சம்சாரம் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்ததைப் பாத்தேன், பாவமா இருந்துச்சு."

"அப்போ உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அவங்க வாசல்ல நின்னு செல்போன்ல தொட்டியை எல்லாம் போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. நான் சட்டைக்குக் காஜா போட்டுட்டு இருந்தேன். விக்கறதுக்குன்னு நினைச்சேன். நீ வந்து துணியைத் திருப்பிக் கேட்டப்பத்தான் விஷயம் புரிஞ்சுது."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி? நீ என்கிட்டப் பேசாம இருந்தா எனக்கு டீச் செலவு மிச்சம். அவங்ககிட்டப் பேசாம இருந்தா ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் எங்க போய் உக்காருவீங்க?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அந்தப் பேண்ட்டைக் கழட்டிக் குடு முதல்ல. தெருவுல நீ நடந்து போறதைப் பாத்தா, தச்சது நான்னு நினைச்சுக்கப் போறாங்க."

ஞாயிற்றுக்கிழமை தையற்காரரும் சேர்ந்து மூன்று பேருமாக வாசலில் இறங்கினார்கள். குழாய்க்காரர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது உதவும், அது உதவும் என்று ஆரம்பித்தார். மனைவி கைவேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அடுத்ததிலிருந்து பேசாமல் பழைய சாமான்காரர் வண்டியில் ஏற்றினார். விரிசலில்லாத ஒரு வாஷ்பேசினைக் கீழ்த்தெருப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தார். அப்படியே அவள் கூரைக் கறையையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். புகாரை எப்படி எழுதினால் எடுத்துக்கொள்வார்கள் என்பதை மனைவி சொல்லச் சொல்ல, அவரே தட்டி அனுப்பினார், பெயரில்லாமல்.

மழைநீர்க் குழாயை மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஏணியிலிருந்து இறங்கியபோது அது அவருக்கே வெட்கமாக இருந்தது.

சில மாதங்களில் புது விதி வந்தது. நோட்டீஸுக்கு முன்னால் ஊழியர் ஒருவர் நேரில் வந்து பேச வேண்டும். புகார் கொடுத்தவர் பெயர் வெளியே வராது. வாடகை வீடுகளைப் புகாருக்குக் காத்திராமல் நகராட்சியே வருடா வருடம் பார்க்கும். கீழ்த்தெருக் கூரைக்கு வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஆள் அனுப்பினார்.

வாசல் காலியானபின் அது இவ்வளவு பெரிய இடம் என்று இருவருக்குமே ஆச்சரியம். ஒரு சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து, நாற்காலியைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவரும் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார்.

"இன்னிக்கு யாரு யாரு கூப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டதில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள், கிண்டலா என்று. இல்லை என்று தெரிந்ததும், தினமும் மத்தியானம் கூப்பிட்டு மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று புகார் சொல்லும் ஒரு பெரியவரைப் பற்றி ஆரம்பித்தாள். அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்திப் போட்டுக்கொண்டு கேட்டார்.