காணாமல் போன ஐம்பது

எட்டாங்கட்டைத் தோட்டத்தின் கணக்கு என் மேசைக்கு வந்தபோது எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. 1978 முதல் 81 வரை நான்கு வருடப் பிறப்புப் பதிவு: ஆண் தொண்ணூற்றாறு, பெண் நாற்பத்தொன்று. எவனோ தூங்கிக்கொண்டே எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். நூறு பெண்ணுக்கு நூற்றைந்து ஆண் பிறப்பதுதான் வழக்கம். இங்கே இருநூற்று முப்பத்துநாலு.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மாறவில்லை.

எங்கள் ஈப்போ புள்ளிவிவர ஆபீஸின் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், விஸ்வலிங்கம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஒரு வருஷமெண்டால் தற்செயல் எண்டு விடலாம், பிள்ளை. நாலு வருஷமும் தற்செயலா நடக்காது. ஐம்பது பொம்பிளைப் பிள்ளையளைக் காணேல்லை."

காணவில்லை என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அக்கா ஞாபகம் வந்தது. என் அக்கா இருளாயி வாழ்க்கைப்பட்டது அந்தத் தோட்டத்தில். இரண்டு பெண் பெற்றவள். மூன்றாவதுக்கு நாள் நெருங்கியிருந்தது. "இதுவும் பொண்ணுன்னா யாருக்கு வேணும்லா?" என்று தீபாவளியன்று அவள் புருஷன் அர்ச்சுனன் சொல்லிச் சிரித்தார். நானும் பல்லைக் காட்டிச் சிரித்தேன், மூதேவி.

அரைநாள் லீவு போட்டுவிட்டு சுங்கை சிப்புட் பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க அக்கா புருஷன் சிரித்ததே காதில் கேட்டது.

தோட்டத் தொழிலாளர் லயத்தில், அக்கா வீட்டில் தூளி கட்டியிருந்தது. அதற்குள் குழந்தை இல்லை. பக்கத்தில் அக்கா படுத்திருந்தாள்.

"என்ன புள்ளக்கா?"

"பொண்ணு. மூணு நாளாச்சு."

"எங்க?" தூளியை விலக்கி மறுபடியும் பார்த்தேன்.

"பின்னால மாமா வெயில் காட்டுறாரு. ஏன்டி நவமணி, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

அர்ச்சுனன் மாமா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக் கொஞ்சிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாவி, இந்த மனுஷனையா சந்தேகப்பட்டேன்?

மூக்கைத் துடைத்துக்கொண்டு பிறப்புப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டேன்: "பொறந்த சூராட் எடுத்தாச்சா, மாமா?"

"பையன்னா எடுக்கலாம், நாளைக்கு வேலைக்கு வேணும். பொண்ணுக்கு என்னத்துக்குலா? டவுனுக்குப் போனா ஒரு நாள் சம்பளம் போயிரும். பெரியவளுங்க ரெண்டு பேருக்குமே எடுக்கல. இங்க பொண்ணுக்கு யாரு எடுத்தா?"

என் அழுகை நின்றுபோயிற்று. அப்போது வந்த பயம் பஸ்ஸில் வந்ததைவிட மோசம். பிறப்பைப் பதியவே இல்லை. பத்திரம் இல்லாமல் பள்ளிக்கூடம் எப்படி, அடையாள அட்டை எப்படி? நாளைக்கு நீ யார் என்று எவனாவது கேட்டால் இவர்கள் எதைக் காட்டுவார்கள்? வருஷா வருஷம் மிட்டாய் வாங்கி வந்த நான் இதை ஒரு நாளாவது கேட்டேனா?

எழுபத்தொன்பதில் பிறந்த இரண்டாமவள் ஓடி வந்து என் மடியில் ஏறினாள்.

"மாமா, இந்தத் தோட்டத்துல அம்பது பொண்ணக் காணோம்னு ஆபீஸ்ல கணக்கு வந்திருக்கு. அதுல இவளும் ஒருத்தி."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "கவர்மெண்டுக்குத் தெரிஞ்சு போச்சா? புள்ளைங்களப் புடிச்சிட்டுப் போயிருவாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள், மடியிலிருந்தவளைப் பறித்து, வாசலில் நின்ற பெரியவளையும் உள்ளே தள்ளி, கைக்குழந்தையோடு தானும் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளேயிருந்து இரண்டாமவள் கதவைத் தட்டித் தட்டிக் கத்தினாள்:

"சின்னம்மா, நான் காணாமப் போவல! இங்கதான் இருக்கேன்!"