எதிரெதிர் குளம்புகள்

எங்கள் சாங்தாங் மேட்டில் காற்று கொஞ்சம் பலம். நான் ஆட்டைக் கறந்தால் பால் பக்கத்துக் கூடாரத்துப் பாத்திரத்தில் போய் விழும். அதனால் இருபது வருஷமாகக் கறப்பது என் மனைவி குன்செஸ்தான். அவள்மேல் காற்று படாது. பயம்.

குளிர்காலத்தில், ஆடுகள் குட்டி போடும் சமயம், வெந்நீர் ஊற்றடியில்தான் எங்கள் கூடாரம். அங்கே மட்டும்தான் தரை உறையாது, குட்டிகள் பிழைக்கும். அந்த ஊற்றோரப் பாறையில் பழங்காலக் குளம்புத் தடங்களைக் கண்டுபிடித்தாள், லே நகரத்து ஆராய்ச்சிக்காரி ரிக்சின். சுண்ணாம்புச் சேறு கல்லாக இறுகி நாலாயிரம் வருஷமாம். அவள் பின்னாலேயே ஓர் அதிகாரியும் காகிதத்தோடு வந்தார்.

"காட்டு ஆடுங்க தண்ணி குடிச்ச எடம், பெரியவரே. மனுஷன் வாழ்ந்த எடமில்ல. பாதுகாக்கணும். நாளைக்குள்ள கூடாரத்த எடுத்துடுங்க."

"எடுத்துட்டு எங்க போறது?"

"கோடைக்கு இருக்கிற எடத்துக்கே போங்க."

"அங்க குளிர்ல என் நிழலு தரையோட ஒட்டிக்கிச்சு சார். பனி உருகினப்புறம்தான் உரிச்சு எடுத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

ரிக்சின் பாறையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "ஒண்ணு புரியல, மேமே," என்றாள்; எங்கள் பக்கம் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவது. "தடமெல்லாம் ரெண்டு வரிசையா, எதிரெதிரா இருக்கு. தண்ணி குடிக்க வந்தது இப்படியா நிக்கும்?"

"சண்டை போட்டிருக்கும்," என்றார் அதிகாரி.

குன்செஸ் எட்டிப் பார்த்தாள். "உங்க ஊர் ஆடு வரிசையில நின்னுதான் சண்டை போடுமா?"

கயிற்றை எடுத்தாள். நாற்பது ஆடுகளைப் பாறைக்குப் பக்கத்தில் முகத்துக்கு முகம் நிறுத்தி, கழுத்தோடு கழுத்து கோத்து, ஒரே கயிற்றில் கட்டினாள். கறப்பதற்கு நாங்கள் தினமும் கட்டுகிற கட்டு. பிறகு வரிசைக்குப் பின்னால் முழங்காலிட்டுக் கறக்க ஆரம்பித்தாள்.

ரிக்சின் ஈர மண்ணையும் பாறையையும் மாறி மாறி அளந்தாள்.

"கறந்த எடம் சார் இது. வரிசைக்குப் பின்னால இருக்கிற பள்ளம் கறந்தவளோட முழங்கால். ஓரத்துல, அப்பத்தான் பிறந்த குட்டியோட தடமும் இருக்கு. குளிர்காலத்துலயே இருந்திருக்காங்க."

"இருந்தாலும் உத்தரவுன்னு ஒண்ணு இருக்கு. கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டோம்," என்றாள் குன்செஸ், கறப்பதை நிறுத்தாமல். "நாலாயிரம் வருஷமா கறக்குறோம். உங்க உத்தரவு எப்ப போட்டது?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். "போன செவ்வாக்கெழம."

"அப்ப நீங்கதான் புதுசு. ஓரமா நில்லுங்க, ஆடு மிரளுது."

அவர் ஓரமாக நின்றார். ரிக்சின் காகிதத்தை வாங்கி, 'மனிதர் வாழாத இடம்' என்ற வரியை அடித்து, 'வாழ்கிற இடம்' என்று எழுதிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் நான் கூடாரத்துக்கு இன்னும் இரண்டு முளை அடித்தேன்.